காரில் பிளேஸ்டேஷன் ஓட்டலாமா? இன்வெர்ட்டர், வயரிங், பேட்டரி பற்றி ஒரு விவாதம்

பொள்ளாச்சி_பயணி:
வணக்கம். என்னிடம் ஏழு பேர் போகும் டீசல் வண்டி இருக்கிறது. பேட்டரி மேல் 65 ஏஹெச் (ஆம்பியர்-மணி) என்று போட்டிருக்கிறது. பையன்கள் இருவருக்கும் நீண்ட பயணத்தில் பின்சீட்டில் பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4) ஸ்லிம் ஓட்டித் தர வேண்டும் என்று ஆசை. 22 அங்குல மானிட்டர் வீட்டில் சும்மாதான் கிடக்கிறது. கடையில் சிகரெட் லைட்டரில் செருகும் 150 வாட் இன்வெர்ட்டர் காட்டினார்கள். கன்சோலுக்கு அடியில் 165 வாட் என்று அச்சடித்திருக்கிறது. இது தாங்குமா? தாங்காது என்றால் எதை வாங்குவது? வண்டியில் நின்றபடி, இன்ஜின் ஆஃப் செய்துவிட்டு எவ்வளவு நேரம் விளையாடலாம் என்பதும் தெரிய வேண்டும்.

மின்கம்பி:
தம்பி, நான் ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை செய்பவன். லைட்டர் சாக்கெட் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் வண்டி ஃபியூஸ் பாக்ஸின் மூடியில் அந்த சாக்கெட்டுக்கு எத்தனை ஆம்பியர் ஃபியூஸ் என்று போட்டிருக்கும், பாருங்கள். பெரும்பாலும் 10 அல்லது 15 இருக்கும். 10 என்றால் 120 வாட்தான் எல்லை, 15 என்றால் 180 வாட். ஃபியூஸ் போகிறது என்று சிலர் அதே இடத்தில் 20, 25 செருகிவிடுகிறார்கள். தயவு செய்து அதை மட்டும் செய்யாதீர்கள். ஃபியூஸுக்குப் பின்னால் டேஷ்போர்டுக்குள் போகும் வயர் மெல்லியது. ஃபியூஸ் நிற்கும், வயர் பழுக்கும். வண்டி தீப்பிடிப்பது இப்படித்தான்.

இன்னொன்று, லைட்டர் சாக்கெட்டில் பிடிப்பு என்பது ஒரு ஸ்பிரிங்தான். வண்டி குலுங்கும்போது தொடர்பு விட்டு விட்டு வரும். பத்து ஆம்பியர் தொடர்ந்து ஓடினால் அந்த முனை சூடாகும். அரை மணி ஓடிய பிறகு பிளக்கைப் பிடுங்கி விரலால் தொட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும்.

அலைவடிவம்:
கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கன்சோலுக்கு அடியில் இருக்கும் 165 வாட் அதன் உச்ச அளவு. விளையாடும்போது பிஎஸ்4 ஸ்லிம் சுமார் 80 முதல் 90 வாட் எடுக்கும். 22 அங்குல எல்இடி மானிட்டர் 25 வாட் அளவில் இருக்கும். மொத்தம் 110 என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்வெர்ட்டர் தன் பங்குக்குக் கொஞ்சம் தின்னும். 85 சதவீதத் திறன் என்றால் பேட்டரியிலிருந்து 130 வாட் வரும். இன்ஜின் ஓடும்போது 13.8 வோல்ட்டில் ஒன்பதரை ஆம்பியர். இன்ஜின் ஆஃப் என்றால் 12.2 வோல்ட்டில் பத்தரை ஆம்பியருக்கு மேல்.

ஆக, 150 வாட் இன்வெர்ட்டர் ஓட்டும், ஆனால் மூச்சு முட்டிக்கொண்டே ஓட்டும். கன்சோலை ஆன் செய்யும் கணத்தில் பவர் சப்ளையின் கபாசிட்டர்கள் நிரம்ப ஒரு பாய்ச்சல் மின்னோட்டம் வரும். சின்ன இன்வெர்ட்டர் அங்கேயே ஓவர்லோடு காட்டி நின்றுவிடலாம். 300 வாட், ப்யூர் சைன்வேவ், பேட்டரியிலிருந்து நேர் வயர். என் பரிந்துரை இதுதான்.

பொள்ளாச்சி_பயணி:
நன்றி சார். ப்யூர் சைன்வேவ் கட்டாயமா? கடைக்காரர் சாதாரணமே போதும் என்கிறார். விலை பாதிக்குப் பாதி வித்தியாசம்.

அலைவடிவம்:
என்னைக் கேட்டால் கட்டாயம். மலிவான இன்வெர்ட்டரில் வருவது சைன் அலை அல்ல. படிப்படியாக வெட்டிய சதுர அலை. கன்சோலின் பவர் சப்ளை எப்படியும் ஏசியை டிசியாக மாற்றிக்கொள்கிறது, அப்புறம் அலை எப்படி இருந்தால் என்ன என்று தோன்றும். ஓடவும் ஓடும். சிக்கல் நுழைவாயிலில் இருக்கிறது. இரைச்சலை வடிகட்ட லைனுக்குக் குறுக்கே ஒரு கபாசிட்டர் வைத்திருப்பார்கள். சைன் அலை மெதுவாக ஏறி இறங்கும்போது அதற்கு வேலை குறைவு. சதுர அலை ஒரே தாவலில் ஏறும்போது ஒவ்வொரு தாவலிலும் அதன் வழியே ஒரு மின்னோட்ட ஊசி பாயும். நொடிக்குப் பல தடவை, மணிக்கணக்கில். பவர் ஃபேக்டர் திருத்தம் உள்ள சப்ளைகளுக்கு இன்னும் சிரமம். அவை சைன் அலையைப் பின்பற்றியே மின்னோட்டத்தை வடிவமைக்கும்படி செய்யப்பட்டவை. சப்ளையிலிருந்து 'ர்ர்ர்' என்று ஒலி வந்தால், வழக்கத்தைவிடச் சூடானால், உடனே நிறுத்திவிடுங்கள்.

கன்சோல் விலையோடு ஒப்பிட்டால் அந்த வித்தியாசம் பெரிய தொகை இல்லை.

சாலைப்பூ:
ஒரு அம்மாவாக ஒன்று கேட்கிறேன். ஓடும் வண்டியில் திரையையே பார்த்துக்கொண்டிருந்தால் பிள்ளைகளுக்குக் குமட்டாதா? எங்கள் வீட்டில் மலைப்பாதையில் போன் பார்த்தாலே வாந்திதான். தலைக்குப் பின்னால் தொங்கும் மானிட்டர் சடன் பிரேக்கில் என்ன ஆகும் என்பதும் பயமாக இருக்கிறது.

மின்கம்பி:
நல்ல கேள்வி அம்மா. ஹெட்ரெஸ்டில் வெல்க்ரோ போட்டு மானிட்டரைக் கட்டித் தரச் சொல்லி வருபவர்களுக்கு நான் செய்து தருவதில்லை. முன்சீட்டின் இரண்டு கம்பியிலும் போல்ட் போட்டுப் பிடிக்கும் ஸ்டீல் பிராக்கெட் இருக்கிறது. அது போட்டாலும் சின்னத் திரையாகப் போடச் சொல்வேன். 22 அங்குலம் காருக்குள் பெரிதுதான். 10 அல்லது 12 அங்குலத் திரை போதும், எடையும் இல்லை, 12 வோல்ட்டிலேயே ஓடும். கன்சோலை சீட்டுக்கு அடியில் வைக்க வேண்டாம், காற்று கிடைக்காது. இரண்டு முன்சீட்டுக்கும் நடுவில் தட்டு அடித்து, பட்டையால் இறுக்குங்கள். வயரை ஜன்னல் ஓரத் தூணுக்குள் நுழைக்காதீர்கள். கர்ட்டன் ஏர்பேக் உள்ள வண்டியில் அது விரியும் பாதை அதுதான்.

திரை எந்தக் கோணத்திலும் ஓட்டுநர் கண்ணில் படக் கூடாது. டெஸ்லா வண்டியில் ஓடும்போதே நடுத்திரையில் கேம் ஆடும் வசதி இருந்தது. 2021 டிசம்பரில் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு விசாரணை தொடங்கியதும், வண்டி நகரும்போது அது பூட்டிக்கொள்ளும்படி மாற்றிவிட்டார்கள்.

சாலைப்பூ:
குமட்டல் பற்றி நானே சொல்கிறேன், குழந்தை மருத்துவர் சொன்னது. கண் திரையில் நிலையாக இருக்க, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு அசைவை உணரும், அந்த முரண்தான் குமட்டல். திரை கண் மட்டத்தில் இருந்தால் குறையும், மடியில் குனிந்து பார்த்தால் கூடும். நேர் நெடுஞ்சாலையில் சரி, ஆழியாறு தாண்டி வால்பாறை ஏறும்போது வேண்டாம் என்று வைத்துக்கொள்ளலாம்.

பழைய_கன்சோல்:
எல்லோரும் ஏன் 12 வோல்ட்டை 230 ஆக ஏற்றி, கன்சோலுக்குள் மறுபடி 12 ஆக இறக்குகிறீர்கள்? இரண்டு தடவையும் வெப்பமாகப் போகிறதே. நேராக டிசியில் ஓடும் கன்சோல்கள் இருக்கின்றன. நின்டென்டோ கேம்கியூப் அடாப்டர் 12 வோல்ட், 3.25 ஆம்பியர். நின்டென்டோவின் வீ (Wii) கன்சோல் அடாப்டர் 12 வோல்ட், 3.7 ஆம்பியர். பிஎஸ்2 ஸ்லிம்மின் முதல் வரிசைகள் வெளி அடாப்டரில் 8.5 வோல்ட்டில் ஓடும் (பின்னால் வந்த 90000 வரிசையில் பவர் சப்ளை உள்ளேயே போய்விட்டது, அதில் இந்த வழி நடக்காது). 2000இல் வந்த பிஎஸ் ஒன் 7.5 வோல்ட். அதற்கு ஒட்டிக்கொள்ளும் 5 அங்குலத் திரையும் சோனியே விற்றது. காரில் வைத்து ஆட இதைவிடப் பொருத்தமான பெட்டி வந்ததில்லை என்பது என் கருத்து.

பொள்ளாச்சி_பயணி:
அப்படியானால் வீயை நேராக கார் பேட்டரியில் சொருகிவிடலாமா? இரண்டும் 12 வோல்ட்தானே?

அலைவடிவம்:
வேண்டாம். கார் 12 வோல்ட் என்பது ஒரு பெயர் மட்டும். நின்ற நிலையில், நிறைந்த பேட்டரி 12.6, 12.7 காட்டும். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை. செல்ஃப் அடிக்கும் கணத்தில் 9, 10க்கு இறங்கும். அடாப்டர் தரும் 12 வோல்ட் இப்படி ஆடாது.

இதைவிட மோசமானது லோடு டம்ப். ஆல்டர்னேட்டர் (நம்மூரில் இன்னும் டைனமோ என்றுதான் சொல்கிறோம்) முழு வேகத்தில் சார்ஜ் செய்துகொண்டிருக்கும்போது பேட்டரி டெர்மினல் லூசாகிக் கழன்றால், அந்த மின்னோட்டத்துக்குப் போக இடமில்லாமல் வோல்டேஜ் எகிறும். உள்ளேயே கட்டுப்படுத்தும் டயோடு வைத்த ஆல்டர்னேட்டரில் 35 வோல்ட் அளவில் நிற்கும். அது இல்லாத வண்டியில் 80, 100 வரைகூடப் போகலாம். அரை நொடிகூட இல்லாத சமாச்சாரம்தான், ஆனால் கன்சோல் போர்டுக்கு அது போதும்.

வீ, கேம்கியூப் இரண்டுக்கும் நடுவில் பக்-பூஸ்ட் கன்வெர்ட்டர் வேண்டும். உள்ளே 9 வந்தாலும் 15 வந்தாலும் வெளியே 12 நிலையாகத் தருவது. 5 ஆம்பியர் தாங்குவதாக, வாகனத்துக்கென்று செய்ததாக வாங்குங்கள். பிஎஸ்2 ஸ்லிம்முக்கு 8.5க்கு இறக்கும் பக் கன்வெர்ட்டர் போதும், ஆனால் செல்ஃப் அடிக்கும்போது உள்ளே வருவதே 9 என்றால் இறக்க இடமில்லை, கன்சோல் ரீசெட் ஆகும். முதலில் மல்டிமீட்டரில் 8.5க்குத் திருகி வைத்து, திருகாணியில் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் விட்டு அசையாமல் செய்துவிட்டு, அதற்கப்புறம்தான் கன்சோலில் சொருக வேண்டும். பிளக்கின் எந்தப் பக்கம் பாசிட்டிவ் என்பதைப் பழைய அடாப்டரில் அளந்து உறுதிசெய்யுங்கள்.

பழைய எக்ஸ்பாக்ஸ் 360இன் செங்கல் போன்ற அடாப்டரில் 12 வோல்ட் 16.5 ஆம்பியரோடு தனியாக 5 வோல்ட் ஸ்டாண்ட்பை லைனும் வரும். இரண்டும் கொடுத்தால்தான் எழும். அதோடு மல்லுக்கட்டுவதைவிட இன்வெர்ட்டர் வைப்பது மேல்.

யாழ்_வேகம்:
அண்ணை, எங்கட பக்கம் டொயோட்டா அக்வாவும் ப்ரியஸும்தான் அதிகம். ஹைபிரிட்டில இன்வெர்ட்டர் பூட்டலாமோ? 12 வோல்ட் பேட்டரி சின்னன், அதுதான் யோசனை.

அலைவடிவம்:
தம்பி, ஹைபிரிட்டில் அந்தச் சின்ன பேட்டரியின் வேலை கம்ப்யூட்டர்களையும் ரிலேக்களையும் எழுப்புவது. இன்ஜினைச் சுற்றுவது பெரிய ஹைபிரிட் பேட்டரிதான். 'ரெடி' விளக்கு எரியும்போது பெரிய பேட்டரியிலிருந்து டிசி-டிசி கன்வெர்ட்டர் வழியாக 12 வோல்ட் பக்கம் நிரம்பிக்கொண்டே இருக்கும். அப்போது நூறு, நூற்றைம்பது வாட் ஒரு பொருட்டே இல்லை. இன்ஜின் தானாக வந்து தானாக நிற்கும். ஆனால் ஏசிசி நிலையில் (வண்டி ரெடிக்கு வராமல் ரேடியோ போன்றவை மட்டும் ஓடும் நிலை) வைத்து ஆடினால் சின்ன பேட்டரி மட்டும்தான் இறங்கும், இறங்கியபின் வண்டி ரெடிக்கே வராது. எனவே ரெடியில் மட்டும் ஆடவும்.

ஜப்பான் சந்தைக்கு வந்த சில ஹைபிரிட்களில் 100 வோல்ட், 1500 வாட் ஏசி பிளக்கே உள்ளே இருக்கும். உங்களுக்கு வருவது ஜப்பானிலிருந்து இறக்கியது என்றால் தேடிப் பாருங்கள். பிஎஸ்4 ஸ்லிம், பிஎஸ்5 இரண்டும் 100 முதல் 240 வரை ஏற்கும். டிவியின் ஸ்டிக்கரில் மட்டும் 100–240 என்று இருக்கிறதா பார்த்துவிட்டுச் செருகுங்கள்.

யாழ்_வேகம்:
நன்றி அண்ணை. பின்னுக்கு மூடி ஒன்று இருக்கு, இவ்வளவு நாளும் திறந்து பார்க்கேல்ல. இண்டைக்குப் பார்க்கிறன்.

பொள்ளாச்சி_பயணி:
சரி, 300 வாட் ப்யூர் சைன்வேவ் என்று முடிவு செய்துவிட்டேன். மின்கம்பி அண்ணா, வயர் எப்படி இழுப்பது? என் தம்பி இன்னும் ஒரு மாதத்தில் பிஎஸ்5 வாங்குகிறான். அதற்கும் சேர்த்து இப்போதே போட்டுவிடலாமா?

மின்கம்பி:
பிஎஸ்5 என்றால் கதை வேறு. முதலில் வந்த மாடலில் 350 வாட் என்று போட்டிருக்கும். கனமான கேமில் 200 வாட் அளவுக்கு எடுக்கும். கூட ஒரு டிவி 50 வைத்தால் 250. இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து 24 ஆம்பியர் வரும். இன்வெர்ட்டரும் குறைந்தது 600 வாட் வேண்டும்.

வயரைத் தடிமனாகப் போடச் சொல்வதற்குக் காரணம் இதுதான். பானட்டிலிருந்து நடு சீட் வரை நாலு மீட்டர், போக வர எட்டு மீட்டர் செம்பு. 24 ஆம்பியர் ஓடினால் 2.5 ஸ்கொயர் எம்எம் வயரில் கிட்டத்தட்ட 1.4 வோல்ட் வழியிலேயே போய்விடும். பேட்டரியில் 12.2 இருக்கும், இன்வெர்ட்டரில் 10.8 தெரியும், அது 'பீப்' அடிக்கத் தொடங்கும். ஆட்கள் பேட்டரி போச்சு என்று நினைத்துப் புதுசு வாங்குகிறார்கள். 10 ஸ்கொயரில் இந்த இழப்பு 0.35 வோல்ட். 16 ஸ்கொயரில் 0.22. உங்களுக்கு 16 போடுங்கள். கையில் எடுத்தால் செம்பு என்று நினைக்கத் தோன்றும் அலுமினிய வயர்கள் ஆடியோ கடைகளில் நிறைய வருகின்றன. நுனியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அதை வாங்காதீர்கள்.

பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் ஃபியூஸ் ஹோல்டர் இருக்க வேண்டும். இன்வெர்ட்டர் பக்கத்தில் வைத்தால் பிரயோஜனம் இல்லை. நடுவில் வயர் எங்காவது பாடியில் உரசினால், ஃபியூஸுக்கு முன்னாலேயே ஷார்ட் ஆகிவிடும். 300 வாட்டுக்கு 40 ஆம்பியர், 600 வாட்டுக்கு 70. ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவில் உள்ள தகடு) ரப்பர் குரோமெட் வளையம் இல்லாமல் வயரை நுழைக்கக் கூடாது. இரும்பு விளிம்பு நாளடைவில் இன்சுலேஷனை அறுத்துவிடும். வயர் நுனியில் லக் (போல்ட்டில் மாட்டும் வளையம்) அடிக்கும்போது கட்டிங் பிளேயரால் நசுக்காமல், கிரிம்ப்பிங் டூல் வைத்திருப்பவரிடம் கொடுங்கள். நெகட்டிவையும் பேட்டரி வரை இழுங்கள். வண்டியில் நெகட்டிவ் முனையில் பேட்டரி சென்சார் இருந்தால், முனையில் மாட்டாமல் அது பாடியில் சேரும் போல்ட்டில் மாட்டுங்கள். இல்லாவிட்டால் இன்வெர்ட்டர் எடுப்பது வண்டியின் கம்ப்யூட்டருக்குக் கணக்கில் வராது.

வாரண்டியில் இருக்கும் வண்டி என்றால் கம்பெனி வயரை எங்கும் வெட்டவோ நடுவில் இணைக்கவோ வேண்டாம்.

பழைய_கன்சோல்:
இன்வெர்ட்டர் பிளக்கில் டெஸ்டர் வைத்தால் இரண்டு துளையிலும் எரிகிறது. பழுதா?

அலைவடிவம்:
பழுது இல்லை. பல கார் இன்வெர்ட்டர்களில் வீட்டில் போல நியூட்ரல் என்று தனியாக ஒன்று கிடையாது. இரண்டு முனையும் பாடியைப் பொறுத்து 115 வோல்ட் அளவில் இருக்கும். அதனால் இரண்டில் எதையும் வண்டி பாடியோடு சேர்க்கக் கூடாது. கன்சோலின் உலோகப் பகுதியையும் வண்டி இரும்பையும் ஒரே நேரத்தில் தொட்டால் லேசாகச் 'சுரீர்' என்றும் தெரியலாம். வலிக்கும் அளவுக்கு அடித்தால் உடனே அணைத்துவிட்டு இன்வெர்ட்டரை மாற்றுங்கள். ஈரக் கையோடு பிள்ளைகள் தொடாமல் பார்த்துக்கொள்வது முக்கியம்.

பொள்ளாச்சி_பயணி:
இன்ஜின் ஆஃப் செய்து விளையாடும் நேரம் பற்றிக் கேட்டிருந்தேனே.

மின்கம்பி:
காகிதக் கணக்கில், 65 ஏஹெச்சில் பாதியை எடுத்தால் பத்தரை ஆம்பியரில் மூன்று மணி நேரம். அந்தக் கணக்கை நம்ப வேண்டாம். இரண்டு வருடம் நம்ம ஊர் வெயிலில் உழைத்த பேட்டரியில் 65 இருக்காது. காரின் பேட்டரி செல்ஃப் அடிக்க ஒரே தள்ளு தள்ளுவதற்காகச் செய்தது. அதில் தகடுகள் மெல்லியவை, அடிக்கடி பாதிக்குக் கீழே இறக்கினால் சீக்கிரம் கெடும். நான் சொல்வது, அதிகபட்சம் முக்கால் மணி. சின்ன பெட்ரோல் வண்டியில் 35 ஏஹெச்தான் இருக்கும், அதில் இன்ஜின் ஆஃப் ஆட்டமே வேண்டாம்.

இன்வெர்ட்டரே பேட்டரியைக் காக்கும் என்று கடையில் சொல்வார்கள். அது அணைவது பெரும்பாலும் 10.5 வோல்ட்டில். அந்த நேரத்தில் உங்கள் செல்ஃப் 'டிக் டிக்' என்று மட்டும்தான் சொல்லும். 12 வோல்ட்டிலேயே துண்டிக்கும் லோ-வோல்டேஜ் கட் ஆஃப் ஒன்றைத் தனியாகப் போடுங்கள். கேம் முடிந்ததும் இன்வெர்ட்டர் சுவிட்சை அணைக்க வேண்டும். எதுவும் ஓடாதபோதும் அது அரை முதல் ஒரு ஆம்பியர் வரை தின்னும், வண்டியை இரண்டு நாள் அப்படியே விட்டால் காலையில் தள்ளத்தான் வேண்டும். கன்சோலை ரெஸ்ட் மோடில் போட்டுவிட்டு இறங்குவதும் அதே கதை.

இன்ஜினை ஓடவிட்டு நின்றபடி ஆடுவது என்றால் திறந்த வெளியில் மட்டும். மூடிய ஷெட்டில், பேஸ்மென்ட் பார்க்கிங்கில் கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

அலைவடிவம்:
வரிசையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் இன்ஜின், பிறகு இன்வெர்ட்டர், கடைசியில் கன்சோல். அணைக்கும்போது தலைகீழ். செல்ஃப் அடிக்கும்போது சப்ளை விழுந்தால் பிஎஸ்4 அடுத்த தடவை சேமிப்பகத்தைச் சரிபார்க்க உட்கார்ந்துவிடும். சேவ் ஆகிக்கொண்டிருக்கும்போது விழுந்தால் அந்த சேவே போகலாம். சிக்னலில் தானாக அணையும் ஐடில் ஸ்டார்ட்-ஸ்டாப் இருந்தால் அதை ஆஃப் செய்துவிட்டு ஆடுங்கள்.

ஸ்லிம்முக்குள் இருப்பது சுழலும் 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க். குழியில் இறங்கி ஏறும் வண்டிக்கு அது ஆகாது. பயனரே மாற்றிக்கொள்ள சோனி அனுமதிக்கும் பாகம் அது. சாட்டா எஸ்எஸ்டி போட்டுவிடுங்கள். டிஸ்க் கேம்களைத் தவிர்த்து டவுன்லோடு கேம்களை வைத்துக்கொள்ளுங்கள். சுழலும் டிஸ்க் குலுக்கலில் கீறும்.

வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் ஏறியவுடன் ஆன் செய்யாதீர்கள். சோனி சொல்லும் இயக்க வெப்பநிலை 5 முதல் 35 டிகிரி. ஏசி போட்டுக் கொஞ்ச நேரம் ஆறட்டும்.

சாலைப்பூ:
இவ்வளவு வயரிங் படித்த பிறகு கேட்கிறேன், ஒரு நின்டென்டோ ஸ்விட்ச் கன்சோல் வாங்கிக் கொடுத்துவிட்டால் முடிந்துவிடாதா?

அலைவடிவம்:
நீங்கள் சொல்வது உண்மையிலேயே சரியான வழி. நின்டென்டோ ஸ்விட்ச்சைக் கையில் வைத்து ஆடும்போது சாதாரண யுஎஸ்பி கார் சார்ஜரே ஓட்டிவிடும். டாக்கில் (டிவியோடு இணைக்கும் தாங்கி) வைத்து திரையில் காட்ட மட்டும் 15 வோல்ட், 2.6 ஆம்பியர் வேண்டும். கார் சார்ஜர் யுஎஸ்பி பிடி (பவர் டெலிவரி) வகையாக, 45 வாட்டாக, ஸ்டிக்கரில் 15 வோல்ட் என்று எழுதியதாக இருக்க வேண்டும். 9, 12 மட்டும் போட்டிருந்தால் டாக் திரைக்குப் படம் தராது. ஸ்விட்ச் 2இன் அடாப்டர் 20 வோல்ட், 60 வாட், அதன் டாக்குக்கு அந்த அளவில் தரும் சார்ஜர் தேவை. ஸ்டீம் டெக் என்ற கையடக்க கேம் கருவியும் 45 வாட்டில் திருப்தியாக ஓடும். லைட்டர் சாக்கெட்டுக்கு இவை எதுவும் பாரம் இல்லை.

பிஎஸ்4தான் வேண்டும் என்றால், வண்டியைத் தொடாத இன்னொரு வழி இருக்கிறது. 500 வாட்-மணி அளவுள்ள போர்ட்டபிள் பவர் ஸ்டேஷன். வீட்டில் நிரப்பி, பின்னால் கட்டி வைத்தால் பிஎஸ்4 ஸ்லிம்மும் மானிட்டரும் மூன்றரை மணி நேரம் தாராளமாக ஓடும். கார் பேட்டரி இறங்குமோ என்ற பயமே இல்லை. வண்டியிலேயே நிரந்தரமாக இரண்டாவது லித்தியம் பேட்டரி வைப்பவர்கள் அதை ஆல்டர்னேட்டரோடு நேராகச் சேர்க்கக் கூடாது. காலியான லித்தியம் பேட்டரி கிடைக்கும் மின்னோட்டம் முழுவதையும் இழுக்கும், ஐடிலில் விசிறி மெதுவாகச் சுற்றும் ஆல்டர்னேட்டர் வெந்துவிடும். நடுவில் 20 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் அவசியம். பானட்டுக்குள் அந்த பேட்டரியை வைக்காதீர்கள்.

மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லை. ஹூண்டாய் ஐயோனிக் 5இல் வி2எல் (வண்டி பேட்டரியிலிருந்து வெளிச் சாதனங்களுக்கு மின்சாரம் தரும் வசதி) 3.6 கிலோவாட், 2023இல் வந்த புது நெக்ஸான் இவியில் 3.3 கேவிஏ. பிஎஸ்5 அதற்குக் கொசு.

பொள்ளாச்சி_பயணி:
பவர் ஸ்டேஷன் யோசனை பிடித்திருக்கிறது. வண்டி இன்னும் வாரண்டியில்தான் இருக்கிறது, வீட்டில் கரண்ட் போனாலும் உதவும். 12 அங்குலத் திரையும் ஸ்டீல் பிராக்கெட்டும் மின்கம்பி அண்ணா சொன்னபடியே வாங்குகிறேன். தம்பியின் பிஎஸ்5 வீட்டிலேயே இருக்கட்டும்.

சுற்றுலா_பஸ்:
இழையை முழுக்கப் படித்தேன். என் வண்டி பஸ், 24 வோல்ட், இரண்டு பேட்டரி. ஒரு பேட்டரியில் மட்டும் வயர் எடுத்தால் 12 வோல்ட் கிடைக்கிறதே, அதில் இன்வெர்ட்டர் மாட்டலாமா? பிள்ளைகள் டூர் வரும்போது கேட்கிறார்கள்.

மின்கம்பி:
அப்படி எடுக்காதீர்கள் அண்ணே. ஒரு பேட்டரி மட்டும் இறங்கும், சார்ஜர் இரண்டையும் சேர்த்து 28 வோல்ட் பார்த்துத்தான் தரும். இறங்கியது நிரம்பாமலே இருக்கும், நிறைந்தது அளவுக்கு மேல் வெந்து தண்ணீர் வற்றும். இரண்டும் சேர்ந்து போகும். 24 வோல்ட் இன்வெர்ட்டரே கடையில் கிடைக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். 24இல் மின்னோட்டம் பாதிதான், 10 ஸ்கொயர் வயரே உங்களுக்குப் போதும். ஃபியூஸ் பேட்டரிப் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.